கல்வெட்டுக் காட்டும் நாடும் ஊரும்

திருக்கோயிலை வலம் வரும் அன்பர் கருவறையின் புறச்சுவரை ஒட்டி நடக்கும்போது, குமுதப் படையிலும் அரைத்தூண்களிலும் சுவரின் பரப்பிலும் நெருக்கமாக வெட்டப்பட்ட எழுத்துகளைக் காண்பர். திருநீறும் சந்தனமும் படிந்து, விளக்கெண்ணெயின் கறை ஏறி, பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் அவை நிற்கும். ‘ஏதோ பழைய எழுத்து’ என்று கடந்து செல்வோரே பலர். அவ்வெழுத்தில் அரசன் புகழ் உண்டு, ஆட்சியாண்டு உண்டு, கொடுத்த பொருளின் கணக்கு உண்டு. இவற்றோடு தவறாமல் ஒரு முகவரியும் உண்டு. இறைவன் எழுந்தருளியிருக்கும் ஊர் எந்த நாட்டில், எந்த மண்டலத்தில் அமைந்தது என்பதை எழுதாமல் எந்தக் கொடையையும் அக்காலத்தார் கல்லில் வெட்டியதில்லை எனலாம்.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு அவ்வூரைப் ‘பாண்டிய குலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர்’ என்று குறிக்கிறது. உத்தரமேரூர்க் கல்வெட்டு ஒன்றை எடுத்தால், ‘ஜயங்கொண்ட சோழ மண்டலத்துக் காலியூர்க் கோட்டத்துத் தன் கூற்று உத்தரமேரூர்’ என்று முகவரி நீளும். இக்காலத்தில் மாவட்டம், வட்டம், ஊர் என்று எழுதுவது போன்றதே இது. ஆயின் அம்முகவரியின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு வகை வரலாறு உண்டு. மேலே நிற்கும் சொல் அரசன் வைத்தது. கீழே நிற்கும் சொல் அரசனுக்கு முன்பே இருந்தது. இவ்வேறுபாட்டை உணர்ந்து படித்தால் சோழப் பேரரசு எவ்வாறு ஆளப்பட்டது என்பது அச்சுவரிலேயே விளங்கும்.

முதலில் மண்டலத்தைக் காண்போம். முதலாம் இராசராசன் (கி.பி. 985-1014) காலத்தில் சோழர் ஆட்சி காவிரிப் படுகையைக் கடந்து பல திசைகளிலும் பரவியது. வென்ற ஒவ்வொரு நாட்டிற்கும் சோழர் தம் விருதுப் பெயரையே சூட்டினர். தொண்டை நாடு ஜயங்கொண்ட சோழ மண்டலம் ஆயிற்று. பாண்டிய நாடு இராசராசப் பாண்டி மண்டலம் ஆயிற்று. ஈழம் மும்முடிச் சோழ மண்டலம் என்றும், கங்கபாடி முடிகொண்ட சோழ மண்டலம் என்றும், நுளம்பபாடி நிகரிலிச் சோழ மண்டலம் என்றும் வழங்கப்பெற்றன. காவிரி பாயும் தாய்நிலம் மட்டும் சோழ மண்டலம் என்ற தன் பெயரிலேயே நின்றது. சில மண்டலங்களுக்கு அரச குமாரரே தலைவராக அனுப்பப்பட்டனர். முதலாம் இராசேந்திரன் தன் மக்களுள் ஒருவனைச் சோழ பாண்டியன் என்னும் பட்டத்தோடு மதுரையில் அமர்த்தியது அறியத்தக்கது.

மண்டலத்தின் உட்பிரிவு வளநாடு. இது சோழ மண்டலத்தில் இராசராசன் புதிதாக வகுத்த அமைப்பு. அருமொழிதேவ வளநாடு, உய்யக்கொண்டார் வளநாடு, க்ஷத்திரிய சிகாமணி வளநாடு, இராசேந்திர சிங்க வளநாடு, நித்தவிநோத வளநாடு, கேரளாந்தக வளநாடு, பாண்டிய குலாசனி வளநாடு என வருவன யாவும் அவ்வரசனுடைய பெயர்களும் விருதுகளுமே. ஆறுகளையும் வாய்க்கால்களையும் எல்லையாகக் கொண்டு இவற்றை வகுத்தனர். அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் நடுவே உள்ள நிலம் உய்யக்கொண்டார் வளநாடு எனப்பட்டது. திருவையாறு காவிரியின் வடகரையில் இராசேந்திர சிங்க வளநாட்டுள் அடங்கியது. நீரைக் கொண்டு நிலத்தைப் பிரிப்பது வேளாண் நாட்டிற்கு இயல்பான முறை. வாய்க்கால் ஒன்றானால் வழக்கும் ஒன்று, வரியும் ஒன்று.

வளநாட்டுக்குக் கீழ் வருவது நாடு. சில இடங்களில் இதுவே கூற்றம் எனப்படும். சோழ மண்டலத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இருந்தன. சில நாடுகளில் ஊர்கள் மிகச் சில. சிலவற்றில் ஊர்கள் பல. அரசன் கோல் கொண்டு சமமாக வெட்டியிருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு இராது. ஒரே நீர்நிலையையோ ஒரே ஆற்றுக்காலையோ நம்பிப் பயிரிட்டு, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒரே சந்தையில் கொண்டு விற்ற ஊர்கள் தாமே சேர்ந்து வளர்ந்த கூட்டமே நாடு. அதன் பெயரும் பெரும்பாலும் அதனுள் இருந்த ஒரு முதன்மையான ஊரின் பெயராகவே இருக்கும்.

இதற்குக் கல்வெட்டினும் பழைய சான்று தேவாரத்திலேயே கிடைக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனார் அருளிய ஏழாம் திருமுறையில் ‘திருநாட்டுத்தொகை’ என்னும் பதிகம் ஒன்று உண்டு. இறைவன் உறையும் ஊர்களை அவ்வூர் அமைந்த நாட்டோடு சேர்த்தே அதில் சுவாமிகள் தொகுத்துள்ளார். நாங்கூர் நாட்டில் நாங்கூர், நறையூர் நாட்டில் நறையூர், பொன்னூர் நாட்டில் பொன்னூர், புரிசை நாட்டில் புரிசை என ஊரும் நாடும் ஒரே பெயர் பெற்றவை அதில் பல. மிழலை என்னும் பெயரில் ஊர்கள் ஒன்றுக்கு மேற்பட்டிருந்தமையால், மிழலை நாட்டு மிழலை வேறு, வெண்ணி நாட்டு மிழலை வேறு என்று பிரித்தும் பாடியுள்ளார். நாயனார் 8ஆம் நூற்றாண்டினர் என்பது அறிஞர் பலரின் கருத்து. இராசராசன் வளநாடு வகுத்ததோ அதற்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் பின்பு. ஆகவே நாடு என்னும் பிரிவு பேரரசுக்கு முந்தியது என்பதில் ஐயமில்லை. பதிகத்தை ஓதுவோர் இசையோடு ஓதி மகிழ்வதோடு, அக்கால நிலப்பிரிவின் பட்டியலையும் தம்மை அறியாமல் நாவில் ஏற்றிக்கொள்கின்றனர்.

தொண்டை மண்டலத்தில் அமைப்புச் சிறிது வேறு. அங்கே நாட்டுக்கு மேல் கோட்டம் என்னும் பிரிவு பழைமையானது. 24 கோட்டங்கள், 79 நாடுகள் என்பது வழிவழி வந்த கணக்கு. காஞ்சிபுரம் எயிற் கோட்டத்தைச் சேர்ந்தது. திருவொற்றியூர் புழற் கோட்டத்தைச் சேர்ந்தது. உத்தரமேரூர் காலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. திருவேங்கடமலையைச் சூழ்ந்த பகுதி திருவேங்கடக் கோட்டம். பெரியபுராணம் அருளிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் புலியூர்க் கோட்டத்தில் உள்ளது. இக்கோட்டத்திற்குக் குலோத்துங்க சோழ வளநாடு என்று பிற்காலச் சோழர் மறுபெயர் இட்டனர். அப்பெயர் கல்லில் மட்டும் நிற்கிறது. சேக்கிழாரைப் பற்றிப் பேசுவோர் இன்றும் புலியூர்க் கோட்டம் என்றே சொல்கின்றனர்.

மேற்பெயர் மாறுவதற்கும் கீழ்ப்பெயர் நிலைப்பதற்கும் நாகப்பட்டினத்துச் செப்பேடுகள் நல்ல எடுத்துக்காட்டு. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய அரசர் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான். சிவநெறியில் ஆழ்ந்த அரசன் புத்தப் பள்ளிக்கும் ஊர் கொடுத்தான் என்பது நினைக்கத்தக்கது. அச்செய்தி கூறும் செப்பேடுகள் நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகருக்குச் சென்று சேர்ந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. அவற்றுள் பெரிய தொகுதி 21 ஏடுகள் கொண்டது. அதில் பட்டினக் கூற்றம் க்ஷத்திரிய சிகாமணி வளநாட்டைச் சேர்ந்ததாகக் கூறப்படுகிறது. முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய தொகுதி அதன்பின் ஏறத்தாழ 84 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. அதில் அதே பட்டினக் கூற்றம் கேயமாணிக்க வளநாட்டைச் சேர்ந்தது என்று வருகிறது. வளநாட்டின் பெயர் போய்விட்டது. கூற்றத்தின் பெயர் அப்படியே நிற்கிறது.

மண்டலமும் வளநாடும் பெயருக்கு மட்டும் இருந்தவை என்று இதனால் கருதிவிடலாகாது. வரிக் கணக்கும் நில அளவும் அவற்றைக் கொண்டே நடந்தன. இராசராசன் ஆட்சியில் கி.பி. 1001 அளவிலும், முதலாம் குலோத்துங்கன் ஆட்சியில் 1086 அளவிலும் நாடு முழுதும் நிலம் அளக்கப்பட்டது. வேலி, மா, காணி, முந்திரி என இறங்கி, அதற்கும் கீழ்ப்பட்ட நுண்ணிய பின்னங்கள் வரை தஞ்சைக் கோயிற் கல்வெட்டுகளில் நிலக்கணக்கு எழுதப்பட்டுள்ளது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என வரி விதிக்கத் தகாதவற்றைக் கழித்து, எஞ்சிய நிலத்திற்கே இறை வகுத்தனர். ஒரு முந்திரி நிலத்தையும் விட்டுவிடாத அரசு, சுடுகாட்டிற்கு வரி கேட்கவில்லை.

அரசன் ஆணை ஓர் ஊரைச் சென்று சேர்வது எவ்வாறு? இதனை அறியத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் உதவுகின்றன. காரைக்கால் அம்மையார் இறைவன் திருவடிக்கீழ் அமர்ந்த தலம் திருவாலங்காடு. அத்தலத்து இறைவனுக்குப் பழையனூர் என்னும் ஊரை முதலாம் இராசேந்திரன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் அளித்தான். அரசன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுவோன் எழுதினான். திருமந்திர ஓலை நாயகம் எனப்படும் மேலலுவலர் அதனைச் சரிபார்த்து ஒப்பமிட்டனர். புரவுவரித் திணைக்களத்தார் வரிப்புத்தகத்தில் மாற்றத்தைப் பதிந்தனர். ஒருவர் சொல்ல, ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, வேறொருவர் பார்த்திருக்க, இத்தனை பேர் கையும் கண்ணும் பட்ட பின்னரே அவ்வோலை அரண்மனையை விட்டு வெளியே வந்தது.

வந்த ஓலை நேரே ஊருக்குச் செல்லவில்லை, நாட்டாருக்கே சென்றது. இங்கேதான் பேரரசின் ஆட்சிமுறை உண்மையில் எதன்மீது நின்றது என்பது தெரிகிறது. நாட்டார் எதிர்சென்று ஓலையை வணங்கி வாங்கித் தலைமேல் வைத்தனர். பின்பு ஒரு பெண்யானையை முன்னே நடத்தி, ஊரின் எல்லையைச் சுற்றி வந்தனர். யானை நடந்த வழியே கல்லும் கள்ளியும் நட்டனர். இதனைப் ‘பிடி சூழ்தல்’ என்று செப்பேடுகள் குறிக்கும். கீழெல்லை இன்ன வாய்க்கால், தென்னெல்லை இன்ன வயலின் வரப்பு, மேலெல்லை இன்ன குளத்தின் கரை என்று ஒவ்வொன்றாக எழுதி, உடன் நடந்தோர் கையெழுத்திட்டனர். தலைநகரில் அமர்ந்த அரசனுக்கு அந்த வரப்பு தெரியாது. அயலூர் வேளாளனுக்கும் ஊர்க் கணக்கனுக்கும் தெரியும். அவர்கள் ஒப்பாமல் அரசன் ஆணை மண்ணில் நடவாது. கள்ளியை நட்டதும் காரணத்தோடுதான். ஆடுமாடு மேயாது, கோடையில் பட்டுப்போகாது, பிடுங்கினாலும் தடம் தெரியும்.

இனி ஊர்களின் ஆட்சி. வேளாளர் நிலம் வைத்திருந்த ஊர்களின் அவைக்கு ‘ஊர்’ என்றே பெயர். அதன் உறுப்பினர் தம்மை ஊரோம் என்று எழுதுவர். அந்தணர்க்கு அளித்த பிரமதேயங்களின் அவை சபை எனப்படும். வணிகர் வாழ்ந்த இடத்து அவை நகரம். அவர் தம்மை நகரத்தோம் என்பர். பல ஊர்கள் சேர்ந்த நாட்டிற்கு நாட்டோம் என்று கூறும் அவை ஒன்று. நான்கும் ‘ஓம்’ என்னும் தன்மைப் பன்மையில் முடிவதைத் தமிழறிந்தோர் உணர்வர். கொடுத்தோம், விற்றோம், இசைந்தோம் என்று அக்கல்வெட்டுகள் பேசும். ‘அரசன் கட்டளையிட்டான்’ என்று பிறர் கூற்றாக வரும் வாசகத்தைவிட இந்த ‘ஓம்’ கேட்பவர் மனத்தில் ஆழ்ந்து நிற்கும்.

சபையின் விதிகளை விரிவாகக் கூறும் கல்வெட்டு பாண்டிய நாட்டில் திருநெல்வேலிக்கு அண்மையிலுள்ள மானூரிலும் உண்டு. அது ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டளவினது. ஆயினும் உலகறிந்தது உத்தரமேரூர்தான். முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்துக் கல்லில் வெட்டியது. அரசன் அலுவலர் ஒருவர் இரண்டு முறையும் உடனிருந்தார். ஆனால் முடிவு செய்தது சபையே. முதலில் செய்த ஏற்பாட்டில் குறை கண்டு, இரண்டே ஆண்டில் அதனைத் திருத்தியிருக்கின்றனர். தீயோர் ஒழிந்து நல்லோர் வளரவேண்டும் என்பதே திருத்தத்திற்குக் காரணமாகக் கல்லில் சொல்லப்படுகிறது. அக்காலத்திலும் ஊரில் அத்தகையோர் இருந்தனர் என்று இதனால் கொள்ளலாம்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு என்பது இக்காலத்து வார்டு போன்றது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராய், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராய், வேதம் பயின்றவராய் இருப்பவர் பெயரே ஓலையில் எழுதப்படும். ஒரு வேதத்தையும் ஒரு பாடியத்தையும் பிறர்க்கு உரைக்க வல்லவராயின் அரைக்கால் வேலி நிலமே போதும். கல்விக்குச் சபையார் நிலத்தில் தள்ளுபடி தந்தனர் என்று இதனைச் சொல்லலாம். கடந்த 3 ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் எழுதப்படாது.

யார் கூடாது என்று சொல்லும் பகுதியே படிப்போரை நிறுத்தி நினைக்க வைப்பது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவர் மட்டுமன்று, அவருடைய உறவினரும் கூடாது. தாய் வழி, தந்தை வழி, பெண் கொடுத்த வழி, பெண் எடுத்த வழி என்று அவ்வுறவினரை ஒவ்வொருவராகப் பெயர் குறித்து எழுதிச் செல்கிறது கல்வெட்டு. பிறர் பொருளைக் கவர்ந்தவர் கூடாது. கணக்கை மறைத்தவன் ஒதுங்கிக்கொண்டு தன் மைத்துனனை நிறுத்திவிடுவான் என்பதை அச்சபையார் தம் ஊரிலேயே கண்டிருக்க வேண்டும். இல்லையெனில் இத்தனை உறவுமுறைகளை எண்ணி எழுதத் தோன்றியிராது.

தேர்தல் நாளன்று இளையோரும் முதியோரும் ஆகச் சபை முழுதும் கூடும். ஊரில் உள்ள நம்பிமார் ஒருவர் விடாமல் வந்து நடுவே அமர்வர். குடும்பு குடும்பாகப் பெயர் எழுதிய ஓலைகளைக் கட்டி, 30 கட்டுகளையும் ஒரு குடத்தில் இடுவர். நம்பிமாருள் மூத்தவர் அக்குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடிப்பார். என்ன நடக்கிறது என்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஒரு கட்டை எடுப்பித்து, அதனை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுக்கச் செய்வர். அதனை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலை மடக்கினால் வேறோர் ஓலை ஒளிந்திருக்க இடமுண்டன்றோ? வாங்கியவர் உரக்க வாசிப்பார்; நம்பிமாரும் ஒவ்வொருவராக வாசிப்பர். அதன் பின்பே அப்பெயர் ஏற்கப்படும்.

இவ்வாறு வந்த 30 பேருள், முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தோர், கல்வியில் மூத்தோர், வயதில் மூத்தோர் ஆகியோரைக் கொண்டு 12 பேர் ஆட்டை வாரியம். எஞ்சியோருள் 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவற்றுக்கு வேறாகக் குடவோலை எடுத்தனர். பதவிக்காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் அக்கணமே நீக்கம்.

இம்முறையை இக்கால மக்களாட்சியோடு ஒப்பிட்டுப் பெருமை பேசுவோர் உண்டு. பெருமைக்குரியதே, எனினும் அளவறிந்து பேசவேண்டும். நிலமும் மனையும் வேதக்கல்வியும் உடைய அந்தண ஆடவர்க்கே இவ்வுரிமை. பெண்டிர்க்கும் உழுகுடிகளுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. 1992இல் இயற்றப்பட்டு 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசமைப்புத் திருத்தத்தின்படி அமைந்த ஊராட்சிகளில் பெண்டிர்க்கும் பட்டியல் இனத்தார்க்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அந்த வகையில் இக்காலம் முன்னேறியதே. கணக்குக் காட்டாதவனுடைய மைத்துனனைப் பற்றி மட்டும் பராந்தகன் காலத்துச் சபை சொன்ன விதி இன்னும் கடுமையானதாகவே நிற்கிறது.

அவை வரியும் ஏரியும் மட்டும் பார்க்கவில்லை, வழக்கும் தீர்த்தது. அதனைச் சைவ அன்பர்க்கு விளக்க வேறு சான்று தேவையில்லை. புத்தூரில் திருமணக் கோலத்தில் இருந்த நம்பியாரூரரை, முதிய வேதியர் ஒருவர் வந்து ‘இவன் எனக்கு அடிமை’ என்று வழக்கிட்ட வரலாற்றைத் தடுத்தாட்கொண்ட புராணம் கூறும். நம்பி ஓலையைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலையே, மூல ஓலை என்னிடம் உண்டு என்றார் வேதியர். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் மெய்ப்பிக்க வேண்டும் என்று அவையோர் கேட்டனர். கரணத்தான் ஓலையை வாங்கி வாசித்தான். சான்றாகக் கையெழுத்திட்டோர் தம் எழுத்தை நோக்கினர். நம்பியின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து கொணர்ந்து எழுத்தை ஒப்பிட்டனர். இரண்டும் ஒத்தன; நம்பி தோற்றார். சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் சேக்கிழார் என்பது மரபு. ஊரவை ஒன்று ஆவணத்தை எவ்வாறு ஆராயும் என்பதை அவர் கண்டறிந்து எழுதியது இப்பகுதியில் நன்கு புலனாகும்.

தீர்ப்பளித்த பின்பு அவையோர் ஒரு கேள்வி கேட்டனர். ‘இவ்வூரினர் என்று உம்முடைய ஓலை கூறுகிறது, இங்கே உம் வீடு எங்கே? காட்டுக’ என்பதே அது. வேதியர் முன் நடந்தார். அவையோரும் நம்பியும் பின் சென்றனர். அவர் திருவருட்டுறைக் கோயிலுள் புகுந்தார், பின்னர்க் காணவில்லை. முகவரி சரியாகவே இருந்தது.

அரசும் ஊரவையும் கோயிலோடு பிணைந்திருந்த மற்றொரு வகையையும் தஞ்சைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பெரிய கோயிலின் பொற்காசுகள் பண்டாரத்தில் தூங்கவில்லை. பல ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டன. 8 காசுக்கு ஆண்டுக்கு 1 காசு வட்டி, நூற்றுக்குப் பன்னிரண்டரை. அவ்வட்டியைக் கொண்டு விளக்கும் அமுதும் நடந்தன. கோயிலைக் காக்கும் திருமெய்காப்பாளரை இன்னின்ன ஊர்ச் சபையார் அனுப்ப வேண்டும் என்றும் வகுத்தனர். எந்த ஊர், எந்த நாடு, எந்த வளநாடு என்று ஒவ்வொன்றுக்கும் முழு முகவரி உண்டு. கடன் கொடுத்தவர் கடனாளியின் முகவரியைக் கல்லிலேயே வெட்டி வைத்துக்கொண்டார் என்க. மறுபுறம், அரசுக்கு வரி தவறுவோர்க்கும் விதி இருந்தது. காலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்த உக்கலில் உள்ள இராசராசனின் 24ஆம் ஆண்டுக் கல்வெட்டு, இரண்டு ஆண்டு முழுதும் இறை செலுத்தாதவர் நிலத்தை ஊரவையே விற்றுக்கொள்ளலாம் என்கிறது. வரியைத் திரட்டித் தரும் கடமை ஊருக்கு. ஆகவே விற்கும் உரிமையும் ஊருக்கே.

இத்தனை செய்திகளும் அரண்மனைச் சுவடிகளில் கிடைத்தவை அல்ல. சோழர் அரண்மனை மண்ணோடு மண்ணாயிற்று. வரிப்பொத்தக ஓலைகளைக் கறையான் தின்றது. எஞ்சியவை, ஓரளவு செப்பேடுகள் நீங்கலாக, கோயிற் சுவரில் வெட்டியவை மட்டுமே. ஒரு நாட்டின் பெயர் ஒரே ஒரு கோயிலின் ஒரே ஒரு கல்லில் மட்டும் வருவதுண்டு. அந்தக் கல்லின் மேல் சுண்ணாம்பு ஏறினால் அந்த நாடு மறைகிறது. திருப்பணியின் பெயரால் மணலை வேகமாகப் பீச்சித் தேய்த்தமையால் எழுத்து மழுங்கிய சுவர்கள் உண்டு. பெயர்த்த கல் தலைகீழாகவும் இடம் மாறியும் மீண்டும் அடுக்கப்பட்ட சுவர்களும் உண்டு. அவற்றில் தொடக்கம் ஓரிடத்தும் முடிவு வேறிடத்தும் கிடக்கும். அன்பர்களும் தம் அளவில் செய்யும் தவறு ஒன்று உண்டு. எழுத்துள்ள இடத்தில் விளக்கை வைத்து எண்ணெய் வழியவிடுவதும், கையில் எஞ்சிய திருநீற்றையும் குங்குமத்தையும் எழுத்தின் பள்ளத்தில் அப்புவதும் பலரிடத்துக் காண்பனவே.

திருப்பணி புதிதன்று, அக்காலத்தும் நடந்தது. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கருங்கல்லால் புதிதாக எடுக்குமாறு இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1013 அளவில், ஆணையிட்டான். பழைய சுவரில் முன்னோர் வெட்டிய கல்வெட்டுகள் இருந்தன. கல்லைப் பெயர்ப்பதற்கு முன் அவை யாவும் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. இராசராசன் காலம் முடிந்து, அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், புதிய கற்சுவர் நின்றபின், அந்தப் படியைப் பார்த்துப் பழைய கொடைகள் ஒவ்வொன்றும் திரும்ப வெட்டப்பட்டன. திருமழபாடிக்குச் செல்லும் அன்பர் வயிரத்தூண் நாதரை வணங்கி வலம் வருங்கால், அந்த இரண்டாம் முறை எழுத்தைச் சுவரில் இன்றும் காணலாம்.